உழைப்பின் விளைவை அளப்பது எப்படி?
பிரிட்டனும் அமெரிக்காவும் – ஓர் ஒப்பீடு

‘உழைப்பே உயர்வு தரும்’ என்று பள்ளிச் சுவர்களில் எழுதி வைக்கிறோம். கட்டுரைப் போட்டிகளிலும் அதனை எழுதிப் பரிசு பெறுகிறோம். ஆனால் உழைப்பை எப்படி அளப்பது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அரிசியைப் படியால் அளக்கலாம். துணியைக் கோலால் அளக்கலாம். ஒரு நாட்டுத் தொழிலாளியின் உழைப்பை வேறொரு நாட்டுத் தொழிலாளியின் உழைப்போடு எந்தக் கோல் கொண்டு அளப்பது? பொருளியல் அறிஞர்கள் இதற்கென ஒரு கோலை வைத்திருக்கின்றனர். அதற்கு ‘உழைப்பின் உற்பத்தித்திறன்’ என்று பெயர். அந்தக் கோல் எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றைப் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் வரலாற்றைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

கோலை அறிவோம்

உற்பத்தித்திறன் என்பது ஒரு வகுத்தல் கணக்கே. ஒரு தொழிற்சாலையில் விளைந்த பொருளின் அளவை, அங்கு உழைத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு இவ்வளவு என்ற விடை கிடைக்கும். கேட்பதற்கு எளிதுதான்! ஆயினும் எதை எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கற்பனையாக இரண்டு தையற்கூடங்களை எடுத்துக்கொள்வோம். முதற்கூடத்தில் 10 பெண்கள் ஒரு நாளில் 40 பாவாடைகள் தைக்கின்றனர். இரண்டாவதில் 6 பெண்கள் 36 பாவாடைகள் தைக்கின்றனர். தலைக்கு எத்தனை என்று பார்த்தால் முதற்கூடத்தில் 4, இரண்டாவதில் 6. ஆகவே இரண்டாவது கூடமே சிறந்தது என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? பொறுங்கள்! முதற்கூடத்தார் நாளொன்றுக்கு 5 மணி நேரமும், இரண்டாவது கூடத்தார் 9 மணி நேரமும் வேலை செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இப்பொழுது முதற்கூடத்தின் மொத்த உழைப்பு 50 மணி. இரண்டாவதன் உழைப்பு 54 மணி. ஒரு மணிக்கு எத்தனை என்று வகுத்தால் முதலாவதற்கு 0.80; இரண்டாவதற்கு ஏறத்தாழ 0.67. வெற்றி முதற்கூடத்தின் பக்கம் வந்துவிட்டது! ஆகவே, தலைக்கணக்கா, மணிக்கணக்கா என்று கேட்காமல் எந்த ஒப்பீட்டையும் நம்பிவிடக் கூடாது என்பது நாம் கற்கும் முதற்பாடம்.

நாணயம் செய்யும் மாயம்

நாடுகள் இரண்டாகும்போது இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் கணக்குப் பவுனில் இருக்கும். அமெரிக்காவின் கணக்கு டாலரில் இருக்கும். பவுனை டாலராக மாற்றி ஒப்பிட்டால் என்ன?

1949-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரிட்டிஷ் அரசு தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன் ஒரு பவுன் 4.03 டாலருக்குச் சமம், பின்னர் 2.80 டாலருக்கே சமம். டாலரில் கணக்கிட்டால் பிரிட்டிஷ் தொழிலாளியின் உற்பத்தி ஒரே இரவில் 30 விழுக்காடு வீழ்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் மறுநாட் காலையில் லங்காஷயர் நெசவாளி எவரும் ஒரு கசம் துணியேனும் குறைத்து நெய்யவில்லை. குறைந்தது நாணயத்தின் விலையே. உழைப்பின் விளைவு அன்று.

இம்மாயத்திற்கு ஆளாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. பணத்தை விட்டுவிட்டுப் பொருளையே எண்ணுவது! இத்தனை டன் சிமெண்ட், இத்தனை இணைக் காலணி, இத்தனை டப்பா என்று எண்ணி, உழைத்தவர் தொகையால் வகுப்பது. லாஸ்லோ ராஸ்டாஸ் என்ற அறிஞர் இம்முறையில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தொழில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 1948-இல் நூலொன்றை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முந்திய ஆண்டுகளில், அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் உற்பத்தி பிரிட்டிஷ் தொழிலாளியின் உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதல் என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் இது சராசரிதான் என்பதை மறக்கலாகாது. சிமெண்டுத் தொழிலில் இரு நாட்டாரும் ஏறக்குறையச் சமமாகவே நின்றனர். பருத்தித் தொழிலில் அமெரிக்கர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முன்னே இருந்தனர். தகர டப்பா செய்யும் தொழிலிலோ ஏறத்தாழ ஐந்து மடங்கு முன்னே இருந்தனர்! ஒரே நாட்டு மக்கள் ஒரு தொழிலில் சோம்பேறிகளாகவும் மற்றொரு தொழிலில் சுறுசுறுப்பானவர்களாகவும் இருப்பார்களா? இருக்கமாட்டார்கள். ஆகவே இவ்வேற்றுமைக்குக் காரணத்தை மக்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. தொழிலின் அமைப்பில் தேட வேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட பந்தயம்

1851-இல் இலண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் கண்ணாடி மாளிகை எழுப்பி மாபெரும் உலகப் பொருட்காட்சி நடத்தினர். உலகின் தொழிற்பட்டறை என்று பெயர் பெற்றிருந்த பிரிட்டன் தன் பெருமையைப் பறைசாற்ற நடத்திய விழா அது. அமெரிக்கப் பகுதியில் பொருள்கள் குறைவாக இருந்ததைக் கண்டு முதலில் பலர் நகைத்தனர். ஆனால் மக்கார்மிக்கின் அறுவடை இயந்திரமும், கோல்ட்டின் கைத்துப்பாக்கிகளும் விரைவில் அவர்களை வியப்பில் ஆழ்த்தின. சில அமெரிக்கத் துப்பாக்கிகளின் உறுப்புகளைக் கழற்றி, ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் பொருத்தினாலும் அவை சரியாக இயங்கின. பிரிட்டனில் அக்காலத்துத் துப்பாக்கியை ஒவ்வொன்றாக அரத்தால் அராவிப் பொருத்துவது கைதேர்ந்த வினைஞரின் வேலை. இயந்திரமே ஒரே அளவாக உறுப்புகளை வெட்டித் தந்துவிட்டால் அராவுவதற்கு என்ன வேலை இருக்கிறது!

இதனை அறிந்துவர 1853-இல் ஜோசப் விட்வொர்த் உள்ளிட்ட வல்லுநர்களைப் பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதன் பின்னர் என்பீல்டு என்னுமிடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அமெரிக்க இயந்திரங்கள் வாங்கப்பட்டன. ஆசிரியர் மாணவரிடம் பாடம் கேட்கச் சென்றது போன்ற நிகழ்ச்சி இது.

பொருளியல் வரலாற்றறிஞர் ஸ்டீபன் பிராட்பெரி தம் 1997-ஆம் ஆண்டு நூலில் இவ்விரு நாடுகளின் கணக்கை 1850 முதல் 1990 வரை தொடர்ந்து தொகுத்திருக்கிறார். தொழிற்சாலை உற்பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அமெரிக்கத் தொழிலாளி பிரிட்டிஷ் தொழிலாளியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விளைத்தார். 1929-இல் அது ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. அவ்வாண்டில் தொடங்கிய பெருமந்தம் அமெரிக்காவைக் கடுமையாகத் தாக்கியது. 1937-இல் மீண்டும் இரண்டு மடங்கை ஒட்டி வந்தது. போர் முடிந்த பின், 1950-இல் இரண்டரை மடங்குக்கும் மேலே சென்றது. 1980-களின் இறுதியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகக் குறைந்தது. ஏற்றமும் இறக்கமும் இருந்தாலும், நூறாண்டுக்கு மேலாக அந்த ‘இரண்டு மடங்கு’ பெரிதும் அசையவில்லை என்பது வியப்பன்றோ?

இங்கே ஒரு கணக்கு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விகிதம் மாறவில்லை என்றால் நாடுகள் முன்னேறவில்லை என்று பொருளன்று. தொடக்கத்தில் ஒரு நாட்டவர் 10, மற்றொரு நாட்டவர் 20 என்று விளைப்பதாகக் கொள்வோம். பல ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் 30, 60 என்று விளைத்தால், விகிதம் அதே இரண்டு மடங்குதான். ஆனால் இருவரும் மும்மடங்கு முன்னேறியிருக்கின்றனர். பின்தங்கியவர் என்று நாம் கருதுகிறவர், முன்னவரின் பழைய நிலையைக் கடந்தே சென்றிருக்கிறார்!

உழவு நிலத்திலிருந்து ஆலைக்கு

இன்னும் ஒரு புதிர் உண்டு. 1870-இலேயே தொழிற்சாலையில் அமெரிக்கர் இரண்டு மடங்கு முன்னே இருந்தனர் என்றோம். ஆனால் நாட்டின் மொத்த உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அப்பொழுது அமெரிக்கா பிரிட்டனுக்குச் சற்றுப் பின்தங்கியே இருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் முந்தியது. இது எப்படி?

1870-ஐ ஒட்டி அமெரிக்க உழைப்பாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர் வேளாண்மையில் இருந்தனர். பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே அவ்வாறு இருந்தனர். ஆலையில் ஒருவரின் விளைவு 10, வயலில் ஒருவரின் விளைவு 4 என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 50 பேர் ஆலையிலும் 50 பேர் வயலிலும் இருந்தால் மொத்தம் 700, சராசரி 7. வயலிலிருந்து 30 பேர் ஆலைக்குச் சென்றுவிட்டால் மொத்தம் 880, சராசரி 8.8. ஆலையின் திறனும் மாறவில்லை, வயலின் திறனும் மாறவில்லை. ஆயினும் நாட்டின் சராசரி உயர்ந்துவிட்டது! அமெரிக்காவில் மக்கள் வயலை விட்டு நகரங்களை நாடிச் சென்றதும், இரயில்வே, வணிகம் போன்ற துறைகள் வளர்ந்ததும் அந்நாட்டின் ஏற்றத்திற்கு முக்கியக் காரணங்களாகும். ஆகவே, ஒரு நாடு மற்றொன்றை முந்தியதற்குத் தொழிற்சாலையே முழுக் காரணம் என்று எண்ணுவது சரியன்று.

நான்கு தறியும் பதினாறு தறியும்

தொழிற்சாலையில் அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? நெசவாலைக்குள் சென்று பார்ப்போம். லங்காஷயர் நெசவாலைகளில் பெரும்பாலும் பெண்களே தறி ஓட்டினர். ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கமாக நான்கு தறிகள். நாடாவிலுள்ள தாரில் ஊடைநூல் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தி, புதுத் தாரைப் பொருத்தி, நாடாவின் கண் வழியே நூலை இழுக்க வேண்டும். அதற்காக அப்பெண்கள் நாடாவில் வாயை வைத்து உறிஞ்சுவர். பஞ்சுத் தூசும் வாய்க்குள் செல்லும். ஒருவர் உறிஞ்சிய நாடாவையே மற்றவரும் உறிஞ்சுவர். எத்தனை நோய்களுக்கு இது வழி!

1890-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோப்டேல் ஊரிலிருந்த டிரேப்பர் நிறுவனம் நார்த்ராப் தறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்த தாரைத் தள்ளிவிட்டுப் புதுத் தாரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பாவுநூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஆகவே ஒருவரே பதினாறு தறிகளையும் அதற்கு மேலும் பார்த்துக்கொள்ள முடிந்தது. லங்காஷயர்ப் பெண்ணின் கை சுறுசுறுப்பில் குறைந்ததன்று. அவளுக்குக் கொடுக்கப்பட்ட தறிதான் வேறு.

அப்படியானால் பிரிட்டிஷ் முதலாளிகள் ஏன் புதுத்தறியை உடனே வாங்கவில்லை? பழைய தறிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. தேர்ந்த நெசவாளர்களும் தாராளமாகக் கிடைத்தனர். பல நாட்டு வாடிக்கையாளர் பலவகைத் துணிகளைச் சிறு சிறு அளவில் கேட்டனர். அதற்குப் பழைய தறியே ஏற்றதாக இருந்தது. அமெரிக்காவிலோ நிலம் மிகுதி, ஆள் குறைவு. பண்ணை வைத்துப் பிழைக்க வழி இருந்ததால் ஆலைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது, கூலியும் உயர்ந்திருந்தது. ஆகவே ஆளுக்குப் பதிலாக இயந்திரத்தை நாடினர். 1962-இல் எச். ஜே. ஹபக்குக் என்ற வரலாற்றறிஞர் எழுதிய நூல் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தது. ஒரே வகைப் பொருளைப் பெருமளவில் வாங்கும் பரந்த சந்தையும் அமெரிக்காவுக்கு வாய்த்திருந்தது. தகர டப்பாத் தொழிலில் ஐந்து மடங்கு வந்த மருமமும் இதுவே.

போருக்குப் பின் இரு நாடுகளும் சேர்ந்து 1948-இல் ஓர் உற்பத்தித்திறன் மன்றத்தை அமைத்தன. பிரிட்டனிலிருந்து பல தொழில்களைச் சேர்ந்த குழுக்கள் அமெரிக்க ஆலைகளைப் பார்த்துவரச் சென்றன. அக்குழுக்களில் மேலாளரும் தொழில்நுட்ப வல்லுநரும் மட்டுமன்றித் தொழிலாளரும் இடம்பெற்றிருந்தனர் என்பது போற்றத்தக்கது. வேலையை உண்மையாக அறிந்தவர் வேலை செய்பவரே அன்றோ!

எண்ணுக்குப் பின்னே இருப்பவர்கள்

உற்பத்தித்திறன் உயர்ந்தால் நல்லது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். உயர்ந்த திறனால் கூலி உயரலாம், பொருள் மலிவாகலாம், ஓய்வு கிடைக்கலாம். ஆனால் அந்த எண் எப்படி உயர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

1912-ஆம் ஆண்டு ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெண்களின் வேலை நேரம் வாரத்துக்கு 56 மணியிலிருந்து 54 மணியாகச் சட்டப்படி குறைக்கப்பட்டது. லாரன்ஸ் நகர நெசவாலைகளின் முதலாளிகள் என்ன செய்தனர்? கூலியைக் குறைத்தனர், இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டினர். மணிக்கணக்கில் பார்த்தால் உற்பத்தித்திறன் உயர்ந்திருக்கும். ஆனால் சில ரொட்டிகளின் விலை கூலியில் குறைந்ததைக் கண்ட பெண்கள் தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தனர். கடுங்குளிரில் பல வாரங்கள் நடந்த அவ்வேலைநிறுத்தம் மார்ச்சு மாதத்தில் கூலி உயர்வோடு முடிவுற்றது.

1913-இல் ஹென்றி போர்டு தம் கார்த் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசையை அமைத்தார். காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகிவந்தது; சில மாதங்களில் அது ஏறத்தாழ ஒன்றரை மணியாகச் சுருங்கியது. ஆனால் ஒரே அசைவைச் செய்து சலித்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக விலகினர். அவர்களை நிறுத்திவைக்க, 1914-இல் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியமும் 8 மணி நேர வேலையும் தருவதாக அவர் அறிவிக்க நேர்ந்தது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். மூன்று தொழிலாளர் 10, 8, 3 என்று விளைக்கின்றனர். சராசரி 7. மூன்றாமவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சராசரி 9 ஆகிவிடும்! எவரும் ஒரு பொருள் கூடுதலாகச் செய்யவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியோ 21-லிருந்து 18-ஆகக் குறைந்தே விட்டது. 1980-களில் பிரிட்டன் அமெரிக்காவை நெருங்கியதில் புதிய முறைகளுக்கும் பங்குண்டு. ஆனால் 1979-க்கும் 1983-க்கும் இடையே பல ஆலைகள் மூடப்பட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலை வேலைகள் மறைந்தன என்பதும் அக்கணக்கின் ஒரு பகுதியே. கணக்கில் அவர்கள் இல்லை. ஆனால் வீட்டில் பசியோடு இருந்தவர்கள் அவர்களே.

அளவுகோலும் மனிதனும்

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகக் குரல் கொடுத்தார். அதன் தொண்ணூறாம் ஆண்டாகிய 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். உழைப்பின் மதிப்பு, செய்த பொருளை வைத்து மட்டும் வருவதன்று. செய்தவர் ஒரு மனிதர் என்பதாலேயே வருவது என்பது அதன் கருத்து. மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களை நாம் அறிவோம். கடைசி மணி நேரத்தில் வந்தவர் ஏன் அதுவரை சும்மா நின்றார்? அவரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவருடைய விடை. அவருடைய அன்றைய ‘உற்பத்தித்திறன்’ குறைவுதான். ஆனால் அவருடைய வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! தோட்டத்தின் உரிமையாளர் அதை மறக்கவில்லை.

நம் இல்லங்களில் விடியுமுன் எழுந்து சமைத்து, துவைத்து, நம்மைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் அன்னையரின் உழைப்பு எந்நாட்டுத் தொழிற்சாலைக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால் அது உழைப்பு அல்ல என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

ஆகவே, தோழியரே, அளவுகோலை வெறுக்க வேண்டியதில்லை. அது பயனுள்ள கருவியே. நாளை நம்மில் சிலர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அதனைக் கையாள நேரிடும். இந்நாட்டார் இவ்வளவு விளைக்கிறார்கள், அந்நாட்டார் அவ்வளவே விளைக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். தலைக்கணக்கா, மணிக்கணக்கா? பணத்தை ஒப்பிட்டார்களா, பொருளை ஒப்பிட்டார்களா? உழைத்தவர் கையில் எந்தக் கருவி இருந்தது? கணக்கிலிருந்து விடுபட்டவர் யார்? இந்நான்குக்கும் விடை தேடாமல் எந்த நாட்டாரையும், எந்த ஊராரையும், நம் பக்கத்து வீட்டுக்காரரையும்கூடச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எண்களைச் சரியாகப் படிக்கக் கற்போம். எண்களுக்குப் பின்னே நிற்கும் மனிதரை மதிக்கவும் கற்போம்.